கோழி பொரிக்கும்வரை எனக்குக் கெடு

பருத்திக்கொட்டை அள்ளுவதற்காகத் தொழுவத்துக்குள் போன என் மாமியார், அள்ளாமலே திரும்பி வந்தார். கையில் வெறும் நாழி. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, சொந்தத்தில் யாரோ தவறிப்போன செய்தியைச் சொல்வதுபோல, "கடகத்துக்குள்ள கோழி இருக்கு" என்றார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை நிரப்பி, பல நாளாக எடுக்காமல் வைத்திருந்த பெரிய ஓலைக் கடகத்தில் ஒரு செவலைக் கோழி பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனதும் உடம்பைச் சிலிர்த்து, தொண்டைக்குள்ளேயே உறுமியது. எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் மற்றவர்களும் என்னை ஏறக்குறைய அப்படித்தான் வரவேற்பார்கள் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

சைவ வீட்டில் கோழிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதையேதான் என் மாமியாரும் கேட்டார், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டே.

எங்கள் வீட்டு ஆசாரத்தைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. முட்டை என்ற சொல்லே அங்கே புழங்கக் கூடாது. கொழுந்தன் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு வாங்கி வந்த முட்டையைக்கூட "சைபர்" என்றுதான் சொல்ல வேண்டும். அவன் அதை அடிக்கடி வாங்கி வந்ததால் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் எங்கள் எல்லாருக்கும் நன்றாகப் பழகியிருந்தது.

விளக்குமாறு பாதியில் நின்றது

ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, பன்னிரண்டு வாக்கில் இருக்கும். எங்கள் புறவாசலை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல்வேலை செய்கிறவர்களின் தெரு. நடுவில் ஒரு பனந்தடி கிடந்தது. மனிதர்கள் அதன்மேல் இந்தப் பக்கம் வருவதற்கு ஆயிரம் சட்டம் உண்டு. கோழிக்கு யாரும் சட்டத்தைப் படித்துக் காட்டவில்லை.

மாமியார் விளக்குமாற்றை ஓங்கினார். கோழி லேசாக எம்பியது. அடியில் முட்டைகள் தெரிந்தன. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"அவயம்லா காக்கு" என்றார். அடைகாப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "பிள்ளைக்கு ஏங்கி நிக்கிற வீட்ல அவயக்கோழிய வெரட்டினா வெளங்குமா?"

ஏங்கி நிற்கிற வீடு என்றது என்னை. கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியும் என் மடி நிறையவில்லை. பாபநாசத்தில் முழுகியாயிற்று. திருச்செந்தூருக்குச் சஷ்டி விரதம் இருந்தாயிற்று. ஆற்றங்கரை அரசமரத்தை நான் சுற்றிய சுற்றில் அதன் அடியில் வட்டமாகப் புல் முளைக்காமல் போயிற்று. என் வீட்டுக்காரர் இதில் எதற்கும் வந்ததில்லை. அரசமரம் ஆண்களுக்கு வேலை செய்யாதாம்.

ஆக, கோழியைத் தொட்டால் தலைமுழுக வேண்டிய வீட்டில், கோழியை விரட்டினால் வம்சம் அற்றுப்போகும் என்ற நிலைமை. இரண்டு சாஸ்திரமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டதில் கோழி ஜெயித்தது.

அதன் சொந்தக்காரி பேச்சி. எங்கள் வயலில் நாற்று நடுகிறவள். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நின்று, கடகத்தோடு தூக்கிக் கொடுத்துவிடும்படி கேட்டாள். உட்கார்ந்த கோழியை இடம் மாற்றினால் முட்டையை விட்டு எழுந்துவிடுமே என்று மாமியார் மறுத்தார். உண்மைக் காரணம் வேறு. கோழி வாய்க்காலைத் தாண்டினால் புண்ணியமும் கூடவே தாண்டிவிடும் அல்லவா? குஞ்சு பொரித்ததும் எல்லாம் அவளுக்கே என்று பேசி முடித்தார்கள். பெரிய வீட்டுத் தீனியில் தன் கோழி வளரப்போகிறது என்று பேச்சி சந்தோஷமாகவே போனாள்.

எனக்குச் சொன்ன தீர்ப்பு

அன்று மத்தியானம் மாமியார் என்னைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டார். கோழியை என் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். அதைத் தொட வேண்டியிருப்பதால், அது பொரிக்கும்வரை அடுப்படிக்குள் நான் வரக்கூடாது. சாப்பாடு புறவாசலுக்கு வரும். இதுவரை என் விரதங்களில் இவ்வளவு சௌகரியமானது வாய்த்ததில்லை. தலையை ஆட்டினேன்.

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாக அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பெண் பார்த்திருப்பது எனக்கும் தெரிந்ததுதான். ஜாதகம் வந்து பூஜையறையில் விபூதி மரவைக் கிண்ணத்துக்கு அடியில் பல நாளாக இருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை.

"தானா தேடி வந்து உக்காந்திருக்கு. இது தெய்வம் காட்டுத வழி" என்றார். "குஞ்சு பொரிச்சிட்டுன்னா, ஒனக்கும் நேரம் வருதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம். கூமுட்டையாப் போச்சுன்னா, நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்கிடக் கூடாது ட்டீ."

ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறக்குமா என்று கண்டுபிடிக்க ஜோசியரைக் கேட்பார்கள், வைத்தியரைக் கேட்பார்கள். கோழியைக் கேட்டது எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்போது சிரிப்பு வரவில்லை. கடகத்தைப் பார்த்தேன். கோழி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இதெல்லாம் தன் காதில் விழாததுபோல் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்காக உட்கார்ந்திருந்த ஒரே ஜீவன் அதுதான்.

தொட்டால் பொரியும்

என் மாமனார் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் கோயில் மண்டபத்தில் சித்தாந்தம் பேசுவார். குரு சிஷ்யனுக்குச் செய்யும் தீட்சையை விளக்க மூன்று உதாரணம் உண்டு. மீன் முட்டையைப் பார்த்தே பொரிக்குமாம். ஆமை எங்கோ இருந்துகொண்டு நினைத்தே பொரிக்குமாம். பறவை தொட்டுப் பொரிக்கும். முப்பது வருஷமாக இந்த மூன்றையும் அவர் ஊருக்குச் சொல்லிவந்தார். மூன்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது மூன்றாவது உதாரணம் அவர் தொழுவத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. கோழியை எப்படி உள்ளே விட்டீர்கள் என்று தெருவில் கேட்டவர்களுக்கு இதுவே பதிலாயிற்று. "அது கோழி இல்ல வே, ஸ்பரிச தீட்சை" என்று சொல்லி அனுப்பினார். மண்டபத்துக் கூட்டத்தில் நாலைந்து பேர் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கும்பிடவே செய்தார்.

வினை மறுநாள் வந்தது. தினமும் ஒரு வேளை கோழி எழுந்து வரும். தண்ணீர் குடித்து, ரெண்டு வாய் தின்று, சாம்பல் மேட்டில் புரண்டு, எச்சம் போட்டுவிட்டுத் தானாகத் திரும்பிவிடும். மாமனாருக்கு இது பொறுக்கவில்லை. தீட்சையின் நடுவில் குரு எழுந்து போவதாவது? தொடுதல் இடையறாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு பெரிய கூடையைக் கொண்டுவந்து கோழியின்மேல் கவிழ்த்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் குரு உள்ளேயே தன் வேலையை முடித்திருந்தார். முட்டைகளின் நிலைமையை இங்கே எழுத விரும்பவில்லை.

அதைக் கண்ட மாமியார் வேறு காரியம் செய்தார். நான் கோழியைத் தீனிக்கு வெளியே விட்டிருந்த நேரத்தில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து எல்லா முட்டையையும் கழுவிவிட்டார். எங்கள் வீட்டுக்குள் வரும் கத்தரிக்காயிலிருந்து கல்யாணப் பெண்வரை மஞ்சள் தண்ணீர் படாமல் எதுவும் சுத்தமாகாது. சில்லென்று கிடந்த முட்டைகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்து, கைக்குள் பொத்தி வைத்துச் சூடாக்கி, திரும்ப அடுக்கினேன். கோழி வந்து பார்த்தது. எல்லாம் மஞ்சளாக இருந்தன. என்னை ஒரு கொத்துக் கொத்திவிட்டு ஏறி உட்கார்ந்தது. அதன் கோபம் நியாயமானது.

சைவக் கோழி

தீனி இன்னொரு தலைவலி. பேச்சி வாய்க்கால் கரையிலிருந்து, கரையான் புற்றை வெட்டிப் போடச் சொன்னாள். உவரியிலிருந்து கருவாடு கொண்டுவருகிற பெண்கள் அவள் தெருவுக்கு வரும்போது கழிவுத்தூளை வாங்கித் தருவதாகவும் சொன்னாள். கருவாடு என்ற சொல் வாய்க்காலைத் தாண்டி வந்ததற்கே மாமியார் வாசலில் சாணி தெளித்தார்.

கோழிக்கு நொய்யும் தயிர்ச்சோறும் போட்டோம். வெள்ளிக்கிழமை பாயசம்கூடக் கிடைத்தது. ஒருநாள் தொழுவத்துச் சுவரில் போன கரப்பானை அது லபக்கென்று விழுங்கியதை மாமியார் பார்த்துவிட்டார். விரத காலத்தில் இப்படிச் செய்துவிட்டதே என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். அதன் நெற்றிக்கு நேராகக் கொஞ்சம் விபூதியை ஊதிவிட்டார். கோழி தும்மியது.

வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் பொதிகைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடித்தது. இடிச் சத்தத்தில் கரு கலங்கிவிடும், பக்கத்தில் இரும்பும் கரியும் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பது வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட உண்மை. ஊரில் ஒரு ஆணியைச் சொருகி வைப்பார்கள். எங்கள் வீட்டில் எதையும் குறைவாகச் செய்கிற வழக்கம் இல்லை. மாமியார் கடப்பாரையையே இழுத்து வந்து கடகத்தின்மேல் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்திருந்தால் தெய்வத்தின் தீர்ப்பு அன்றைக்கே வந்திருக்கும். மழை விடும்வரை நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கைவலியோடு நின்ற அந்த நேரத்தில்தான் கோழி முதல்முறையாக என்னைத் தொடவிட்டது. இறகுக்கு அடியில் கையை நுழைத்தேன். அதன் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோலாக இருந்தது. காய்ச்சல்காரி உடம்பு மாதிரிக் கொதித்தது. இவ்வளவு சூட்டையும் அந்த ஓட்டுக்குள் போகாதா என்று பொழுதெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதனிடம், பொரிச்சிரு தாயீ, எனக்கு வேற போக்கிடம் இல்லை என்று சொன்னேன். பிறந்த வீட்டில் அப்பா இல்லை, அண்ணன் குடும்பம் பெரிசு. மெய்யாகவே எனக்குப் போக்கிடம் இல்லை.

நாள் தாண்டிற்று

பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போயிற்று. மாமனார் தீட்சைக்குப் பக்குவம் வேண்டும் என்று மண்டபத்தில் புதிதாக ஒரு விளக்கம் கொடுத்தார். கோழி மட்டும் எழுந்திருக்கவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. கொண்டை வெளுத்துவிட்டது. தீனிக்குத் தூக்கிவிட்டாலும் ரெண்டு வாய் கொத்திவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஒருநாள் காலையில் ஒரு முட்டை வெடித்தது. கூமுட்டை வெடித்த நாற்றம் தொழுவத்திலிருந்து கிளம்பி, அடுப்படி, பூஜையறை என்று ஆசாரம் பார்க்காமல் எல்லா இடத்துக்கும் போயிற்று.

மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தெய்வம் சொல்லிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோழியைக் கொண்டுபோகப் பேச்சிக்கு ஆள் அனுப்பினார்.

பேச்சி புறவாசலில் வந்து நின்றாள். மாமனார் நாற்றத்துக்குப் பயந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாமியார் பேச்சியிடம், ஆனால் எனக்குக் கேட்கும்படி, அது மலட்டுக் கோழி, இனி அதை வைத்திருந்து பிரயோஜனமில்லை என்றார்.

பேச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. குஞ்சு போனதைவிட இதுதான் அவளைச் சுட்டது. போன வருஷம் அந்தக் கோழி ஒன்றுகூடப் பழுதில்லாமல் பொரித்ததென்றும், பார்க்காத ஆள் தெருவில் இல்லையென்றும் சொன்னாள். இந்த வீட்டுத் தயிர்ச்சோறுதான் கோழியைக் கெடுத்தது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

போன வருஷம் பொரித்தது இந்த வருஷம் ஏன் பொரிக்கவில்லை? நான் கோழியைப் பார்த்தபடி நின்றேன். அந்த வைகாசி முழுக்க மாமனார் காலை அனுஷ்டானத்துக்குப் பிந்தி எழுந்து, பொழுது விடிவதே தெரியவில்லை என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தார். எனக்கும் தெரியவில்லைதான். ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

"பேச்சி, ஒங்க தெருவுல சேவல் இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்கன இருக்கு?" என்றாள். "சித்திரைக் கொடையில அம்புட்டையும் மாடனுக்குக் குடுத்தாச்சு. குஞ்சுச் சேவக்கூட மிச்சமில்ல." சொல்லி முடித்த பிறகு அவளே வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அது அதுவரை தோன்றவில்லை.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சேவலெல்லாம் பலியாகி மாசம் ஒன்றுக்கு மேல் ஆன பிறகு இட்ட முட்டைகள் அவை. எந்தக் கோழி, எத்தனை நாள் உட்கார்ந்தால் என்ன? மாமனார் தொண்டையைக் கனைத்தார். மீன், ஆமை, பறவை மூன்றிலும் அவர் சாஸ்திரம் தாயை மட்டும்தான் சொல்லியிருந்தது. மேற்கொண்டு மேற்கோள் எதுவும் கிடைக்காமல் அவர் உள்ளே போனார்.

மாமியார் சுதாரித்துக்கொண்டார். "சேவல் இல்லன்னா அது கோழிப் பாடு. அதுக்கும் இதுக்கும் என்னட்டீ?" என்றார்.

"நானும் அதைத்தான் கேக்கேன் அத்தை. அதுக்கும் இதுக்கும் என்ன?"

அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது எனக்கு அதுவே முதல் தடவை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் நின்றிருந்தது. பேச்சி கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அது கழுத்தை நீட்டிக் கடகத்தையே பார்த்துக்கொண்டு போயிற்று.

சாப்பாட்டு வேளை

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. முடிவில் தொட்டில் ஆடும் என்று யாராவது காத்திருந்தால் இதே பத்திரிகையில் தொடர்கதை வருகிறது, அதைப் புரட்டிக்கொள்ளலாம். குறை யாரிடம் என்று எந்த வைத்தியரும் எங்களைச் சோதித்ததில்லை. என்னிடமே இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இந்தத் தொடரில் அதிகம் எழுதவில்லை என்று சிலர் குறைபட்டிருந்தார்கள். எழுதுவதற்கு அவர் ஏதாவது பேசியிருக்க வேண்டும். அம்மா சொன்னால் சரி, அப்பா சொன்னால் சரி, நான் சொன்னால் பார்ப்போம். அவருடைய மொத்தப் பேச்சும் அதற்குள் அடங்கிவிடும்.

அன்று மத்தியானம் தலைமுழுகிவிட்டு, நான் பல நாள் கழித்து அடுப்படிக்குள் போனேன். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாமனார் பக்கத்தில். மாமியார் குழம்பை ஊற்றியபடி, புறவாசலில் ஒன்றுமே நடக்காததுபோல், வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, வண்டி கட்டி அம்பாசமுத்திரம் போய்ப் பெண்ணைப் பார்த்துவிடலாம் என்றார். மாமனார் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோர்ச்செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"போகாண்டாம்மா" என்றார். "கோழி மேல குத்தமில்லன்னு ஆயிட்டுல்லா. இன்னொருத்தியையும் கொண்டாந்து உக்கார வைக்காண்டாம்."

மாமியார் அகப்பையோடு அப்படியே நின்றார். அந்த வீட்டில் ஒரு ஆண் பிள்ளை, குறை தன்னிடம் இருக்கலாம் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தையைத் தானே சொல்லிக்கொள்வான் என்று அவர் மட்டுமல்ல, நானும் எதிர்பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் காது மடலெல்லாம் சிவந்திருந்தது. தலையை நிமிர்த்தாமல், மோர் ஊற்றும்படி இலையைக் காட்டினார். நான் ஊற்றினேன். இலையில் விழுந்தது பாதி, தரையில் விழுந்தது பாதி.

ஜாதகம் ஆனி மாதத்தில் திரும்பிப் போயிற்று. அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தேன். எனக்காக இன்னொரு தடவை அவர் வாய் திறந்ததாக நினைவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.